சுவிட்சுக்கு ஒரு பூட்டு

"ஏனுங்ணா, என்ற கடை சுவிட்சுக்கே பூட்டுப் போடறீங்களா?"

தாஜுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. கோபத்திலும் 'ங்க' மட்டும் குறையவில்லை, கோயமுத்தூர்க்காரி ஆயிற்றே.

கோட்டைமேட்டில் பதினோரு வருஷமாக வளையல் கடை நடத்துகிறவள். நியான் போர்டின் டிரான்ஸ்பார்மர் புகைந்துபோனது என்று ஆள் கூப்பிட்டாள். வந்த மாசாணம், போர்டு சுவிட்சை அணைத்து, அது இருந்த பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. மேல பத்தாயிரம் வோல்ட்டுங்க."

"கடையில நான் ஒருத்திதான் இருக்கறேன். நான் என்ன பச்சைக் கொழந்தையா? நம்பிக்கை இல்லீன்னா எதுக்கு வாரீங்க?"

அவர் ஏணியேறி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பழைய டிரான்ஸ்பார்மரில் கை வைத்தார்.

'என்ன திமிரு!' என்று முணுமுணுத்தபடி அவள் கல்லாவில் உட்கார்ந்தாள்.

வானம் மெல்ல ரோஜா நிறமானது. அந்த நிறத்தில்தான் வாசலில் 'ஹிபா' என்று அவள் மகளின் பெயர் எரியும். கண்ணாடி வளையல் ஒவ்வொன்றிலும் அந்த வெளிச்சம் துளித்துளியாக இறங்கும். கல்யாணப் பெண்கள் அதில் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்குக் கண் சொருகியது. கோபம்கூட எங்கோ போய்விட்டது.

பள்ளிவாசலிலிருந்து அந்தி நேர மஃரிப் பாங்கு கேட்டது.

முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். நாலடி நடந்தாள். இடது பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். பதினோரு வருஷமாகப் பாங்கு கேட்டதும் போர்டைப் போடுகிற கை.

விரலில் சில்லென்று இரும்பு பட்டது. பூட்டு!

வாசலில், ஏணிப் படியில் மாசாணத்தின் இரண்டு கால்களும் தெரிந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தவரிடம் மறைக்க முடியவில்லை.

"அண்ணா... இந்தப் பூட்டு மட்டும் இல்லீன்னா, உங்களைக் கொன்னு போட்டிருப்பனுங்க." தேம்பித் தேம்பி அழுதாள்.

மாசாணம் பூட்டைத் திறந்தார். சுவிட்சை அவளே போடட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

"அழுவாதீங்க அம்மணி. முந்தி ஒருக்கா என்ற தம்பி ஏணி மேல நின்னான். வெளக்கு வெக்கற நேரமாச்சேன்னு சுவிட்சைப் போட்டது நானுங்க."