சுரங்கக் கஞ்சி

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சினான் புகைப்படக்காரன். சுரங்கக் கேன்டீன் சமையல்காரம்மாள் காலித் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி இறுகிப்போய் நின்றாள்.

வெளியே மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவள் காய்ச்சிய கஞ்சியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவிக்கப்போகிறார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்து அதைச் சாதித்தவர் பண்பாட்டுத் துறை அதிகாரி.

அவருக்கு அது வெறும் உத்தியோகமில்லை. சுரங்கம் இடிந்தபோது உள்ளே சிக்கியவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன். மேலிருந்து துளை போட்டு, கயிற்றில் கட்டி இறக்கிய கஞ்சித் தூக்கு ஒவ்வொரு முறையும் காலியாகவே திரும்பியது. 'உயிரோடதான் இருக்காங்க' என்று ஊரே அழுதுகொண்டே சிரித்தது.

விடாமல் தோண்டினார்கள். கடைசியில் மறுபடியும் மண் சரிந்து எல்லாம் மூடிக்கொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"எங்கம்மா இன்னிக்கும் உங்களைத்தான் கும்பிடுறாங்க" என்றார் அதிகாரி. "என் பிள்ளை பசியோட சாகலைன்னு சொல்லிச் சொல்லியே மனசைத் தேத்திக்கிறாங்க."

புகைப்படக்காரன் வெளியேறியதும் அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "எனக்கு மேடையெல்லாம் வேண்டாங்கய்யா."

"கடைசி நேரத்துல காலை வாரினா எப்படிம்மா? கயித்துப் பக்கம் யாரையும் அண்டவிடாம, மேல வந்த தூக்கை நீங்களேதான் அவிழ்ப்பீங்களாமே! அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன்."

"கொதிக்கக் கொதிக்க வரும். அடுத்தவங்க கை வெந்துடும்னுதான்..."

"பாருங்க, அந்த நேரத்துலயும் அடுத்தவங்க கையை நெனச்சிருக்கீங்க." அதிகாரி பேச்சுத் தாளில் அதையும் குறித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி அவளை மேடைக்கு அழைத்தது. கைத்தட்டல் சுவரை அதிரவைத்தது. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மகனும் உள்ளதான் இருந்தான்."

"தெரியும்மா. எழுந்திரிங்க, கூப்பிடுறாங்க."

"தூக்கு நிறைஞ்சபடி திரும்பிச்சுன்னா தோண்டுறதை நிறுத்திடலாம்னு இன்ஜினியருங்க பேசிக்கிட்டாங்க. என் காதுல விழுந்துச்சு."

அவளை எழுப்ப நீட்டிய அதிகாரியின் கை பாதியிலேயே நின்றது. "அதனால?"

"சமையல் கொட்டகைக்குப் பின்னால, மேல வந்த கஞ்சியை ஒவ்வொரு தடவையும் நான்தான் கொட்டினேன்."