அரக்கு உடையாத கதவு

வங்கி ஏலத்தில் நான் எடுத்த பதினோராவது வீடு அது. முந்தைய வீடுகளில் அழுதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், ஒருவன் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனான். எனக்கு எல்லாம் பழகிவிட்டது. ஆனால் இந்த வீட்டுக்கு வாசல் கதவே இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் வெறுமனே பிளந்து நின்றது. எதிரே புறம்போக்கில் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. அதன் முகப்பில் என் வீட்டுத் தேக்குக் கதவு, நிலையோடு. வீட்டை இழந்தவன் கொத்தனார், சுத்தமாகப் பெயர்த்திருந்தான். பூட்டு அப்படியே தொங்கியது. வங்கி வைத்த அரக்கு முத்திரையில் கீறல்கூட இல்லை.

“சீல் உடையவே இல்ல சார். நான் ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுறது?” என்றார் வங்கி அதிகாரி சந்தானம்.

கதவுக்குப் பின்னாலிருந்து கொத்தனாரின் மனைவி மரகதவல்லி பேசினாள். பின்பக்கத் தகரத்தை விலக்கி உள்ளே போயிருக்க வேண்டும்.

“நிலை வச்ச அன்னிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வச்சவ நான். நீ இதுக்குள்ள நுழைஞ்சிடுவியா?”

“கதவு என்னோடது. சாவியும் என்கிட்டதான் இருக்கு.”

“அப்போ தொறந்துக்கிட்டு வா.”

சந்தானம் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் அரக்கை உடைத்தேன். சாவி சரியாகப் பொருந்தியது. பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்ததும், உள்ளே மரகதவல்லி தாழ்ப்பாளை நிதானமாக விலக்கினாள், தன் வீட்டு வாசலைத் திறப்பவளைப் போல.