ஸ்டீயரிங் திருப்பியவர்

முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி காரைத் தூக்கி நிறுத்தியிருந்தாள் என் மனைவி. பவர் ஸ்டீயரிங் ஆயிலை மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. பழைய ஆயில் குழாய் வழியாக டப்பாவில் இறங்க இறங்க, அவள் புதியதை ஊற்றுவாள். உள்ளே உட்கார்ந்து, அவள் சொல்லும் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புவது மட்டும்தான் என் வேலை.

வீட்டுக்குள் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அது அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்தபோது, திறந்திருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"வலது... போதும். இப்ப இடது."

ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. ஸ்டீயரிங் நிதானமாக இடப்பக்கம் சுற்றி, அதற்கு மேல் திரும்பாமல் முட்டும் இடத்துக்குச் சற்று முன்பே நின்றது. நானாக இருந்தால் 'டக்'கென்று முட்டவிட்டுத் திட்டு வாங்கியிருப்பேன்.

"இன்னைக்கு அழகா திருப்புறீங்களே! கை தேறிடுச்சு," என்றாள்.

"நான் இங்க நிக்கிறேன்மா."

அவள் எட்டிப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு அந்த இருக்கையை. ஆயில் கேனைப் பிடித்திருந்த கை ஆடவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இப்படி ஒருத்தியோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"பாதியில நிறுத்தினா குழாய்ல காத்து ஏறிடும்," என்றாள் மெதுவாக. "நீங்க சும்மா இருங்க. அவங்களே முடிச்சுடட்டும்."

பிறகு பானட்டுக்குள் குனிந்து, என்னிடம் ஒருநாளும் காட்டாத மரியாதையோடு கேட்டாள்:

"இன்னும் ஒரே ஒரு தடவை, வலது பக்கம் திருப்புறீங்களா?"

ஸ்டீயரிங் திரும்பியது.