அக்கா வீட்டில் மழை

“அண்ணே, வலது கன்னத்தையும் வழிச்சு விட்டுடுங்களேன். நுரை காஞ்சுபோய் மூஞ்சியே இழுக்குது.”

“பேசாம உட்காருங்க வாத்தியாரே. உங்க இடது கன்னத்தை வழிச்சு முடிச்ச நேரத்துலதான் என் பொண்ணு முதல் செட்டை ஜெயிச்சா. இப்போ வலது கன்னத்துல கத்தியை வச்சு எல்லாத்தையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா?”

சலூன்காரர் கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாதி முகம் பளபளப்பும் பாதி முகம் நுரையுமாகக் கணக்கு வாத்தியார் கண்ணாடியில் தன்னையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு மேலே இருந்த டிவியில் சலூன்காரரின் மகள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். சின்னப் போட்டிகளில் நாலு கோப்பை, முழங்காலில் ஒரு ஆபரேஷன், இவ்வளவுதான் மிச்சம். இருபத்தொன்பது வயதில் இப்போதுதான் முதன்முதலாக ஒரு பெரிய போட்டியின் இறுதி ஆட்டம். டிவியில் காட்டுவதும் இதுதான் முதல் தடவை. “இதுலயும் தோத்தா ராக்கெட்டைப் பரண்ல போட்டுடுவேன்ப்பா” என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“வீட்டுக்கார அம்மா எங்கே? வீட்டுல பார்த்துக்கிட்டிருக்காங்களா?” என்று கேட்டார் வாத்தியார்.

“வாயைக் கழுவுங்க! அவ பார்த்தா பொண்ணு தோத்துடுவா.”

“இதென்னண்ணே அநியாயமா இருக்கு!”

“சும்மா சொல்லலே. அவ வீட்டுல உட்கார்ந்து செல்போன்ல ஸ்கோர் பார்த்த போட்டி அத்தனையும் ஊத்திக்கிச்சு. அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பி வச்ச நாலு தடவையும் கோப்பை. நாலுக்கு நாலு! நீங்க கணக்கு வாத்தியார்தானே, நீங்களே சொல்லுங்க.”

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலுக்கு நாலு என்றால் நூறு சதவீதம்தான்.

“அதான் இந்தத் தடவையும் நானே ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயில் ஏத்தி விட்டுட்டு வந்தேன். மழை கிழை வந்தா இருக்கட்டும்னு நம்ம சலூன் குடையைக்கூடக் கொடுத்து அனுப்பினேன். கிளிப்பச்சைக் குடை, நீங்க பார்த்திருப்பீங்க. நல்லவேளை, அக்கா வீட்டுல டிவி கிடையாது.”

ஆனால் இரண்டாவது செட் கைநழுவிப் போனது. சலூன்காரருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் இளைப்பாற உட்கார்ந்த சமயம் பார்த்து மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, உண்மையைச் சொல்லு. எங்கேயாவது டிவி பார்க்கிறியா?”

“சத்தியமா டிவி பக்கமே போகலேங்க.”

“அங்கே என்ன இரைச்சல்?”

“மழைங்க. விட்டு விட்டுப் பேஞ்சுக்கிட்டிருக்கு.”

“பார்த்தியா, குடை கொடுத்தது நல்லதாப் போச்சு. ஏன் குசுகுசுன்னு பேசறே?”

“இங்கே சத்தம் போடக் கூடாதுங்க… அக்கா படுத்திருக்காங்க.”

“படுக்கட்டும். நீ அந்த இடத்தை விட்டு மட்டும் அசையாதே!”

“அசையவே மாட்டேங்க.”

போனை வைத்ததும் மகள் இரண்டு கேமை அள்ளினாள். அவ்வளவுதான், சலூன்காரருக்கு இன்னொரு நம்பிக்கை முளைத்துவிட்டது. மறுபடி போன் போட்டு, “ஒண்ணும் பேசாதே, லைன்லயே இரு” என்று காதோடு அணைத்துக்கொண்டார். மூக்கு அரிக்கிறது என்று கையைத் தூக்கிய வாத்தியாருக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நாலு. சர்வ் மகளுடையது. கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு பாயின்ட். டிவியில் மகள் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள், இன்னொரு தட்டு தட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் போனில் பேய்மழை கொட்டியது. கூடவே மனைவியின் அலறல்.

“என்னங்க, ஜெயிச்சுட்டா! நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டா!”

“அட பைத்தியமே, அவ இன்னும் சர்வே போடலை!”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் டிவியில் மகள் சர்வ் போட்டாள். எதிராளி திருப்பிய பந்து வலையில் போய் முட்டி விழுந்தது. சலூன்காரர் வாத்தியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். மிச்ச நுரையெல்லாம் அவர் சட்டையில் அப்பிக்கொண்டது. பதினொரு வருஷத்துக் கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

வாத்தியார்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம். ஆட்டம் டிவிக்கு எட்டுப் பத்து செகண்டு லேட்டாத்தான் வந்து சேரும். அதுக்கு முன்னாடியே தெரியணும்னா, ஆள் அங்கேயே இருந்தாத்தான்…”

போனில் கேட்ட அதே பேய்மழை டிவியில் கைதட்டலாகக் கொட்ட, மகள் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். தடுப்பை ஏறித் தாண்டி, முதல் வரிசையில் நின்ற ஒரு அம்மாளைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாளின் ஒரு கை போனைக் காதில் பிடித்திருந்தது. இன்னொரு கை கிளிப்பச்சைக் குடையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது.

“அடியேய்! நீ அக்கா வீட்டுக்குப் போகலையா?” என்று போனில் கத்தினார் சலூன்காரர்.

“நான் எப்பங்க அக்கா வீட்டுக்குப் போனேன்? அந்த நாலு கோப்பைக்கும் இதே மாதிரி முதல் வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன். கண்ணு முன்னாடி நான் இருந்தாத்தான் பொண்ணுக்குத் தைரியம் வருதாம். நீங்களும் ஒரு தடவைகூடத் தவறாம, கரெக்டா ரயில் ஏத்தி விட்டுடுறீங்க!”