பாப்பம்

கோப்பாயில் புதிய பிரதேச சபை உறுப்பினர்களுக்கு அன்று முதல்நாள் பயிற்சி.

“சனத்தைப் ‘பாப்பம்’ எண்டு சொல்லி அனுப்பாதேங்கோ. ஆராவது எழும்பி ஊர்ப் பிரச்சினை ஒண்டைச் சொல்லுங்கோ. நிரோஜா பதில் சொல்லட்டும்” என்றார் பயிற்சியாளர் சுபாஸ்கரன்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார். “பிள்ளை, எங்கடை ஒழுங்கை மதகு அடைச்சுப்போச்சு. மழை வந்தா வெள்ளம் வீட்டுக்குள்ளை. மனிசி படுத்த படுக்கை.”

முதல் தடவை தேர்தலில் வென்றிருந்த நிரோஜா சட்டென்று எழும்பினாள். “நாளைக்கே வந்து பாத்து, துப்புரவாக்கித் தாறன் ஐயா.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“உண்மை மாதிரியே சொன்னியள் அண்ணை. எந்த வட்டாரத்து உறுப்பினர்?” என்று கேட்டார் சுபாஸ்கரன்.

“நான் உறுப்பினர் இல்லைத் தம்பி. மெம்பர்மார் எல்லாரும் இஞ்சை எண்டு சபைக் கந்தோரிலை சொல்லிச்சினம். அப்ப நாளைக்கு வாறியளோ பிள்ளை?”

நாளைக்கும் பயிற்சி இருந்தது. நிரோஜாவின் நாக்கு நுனிவரை ‘பாப்பம்’ வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “ஓம் ஐயா, வாறன்” என்றாள்.