பஸீலாவின் கடைசிப் பக்கம்

இப்போதெல்லாம் வாசிப்பவரின் மனசுக்கேற்பப் புத்தகமே முடிவை மாற்றிக்கொள்கிறது. பெண் விடுதலைக்காக ஏழு நாவல் எழுதிவிட்டு, ஒஸ்லோ குளிருக்கு மூன்று காலுறை மாட்டி உட்கார்ந்திருந்த என்னை ஊரிலிருந்து உம்மா அழைத்தார்.

"மகள், உன்ட புதுக் கதை வாசிச்சன். கடைசில பஸீலா ஊட்டுக்கே திரும்பி வாறா. அழுதுட்டன்."

நான் எழுதிய பஸீலா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடுவாள். அந்த முடிவுக்குத்தான் இங்கே பரிசு தந்தார்கள். அங்கே ஊருக்கு வராதே என்றார்கள்.

"அது உங்களுக்காகப் புத்தகம் மாத்தினது, உம்மா."

"அப்ப உன்ட புத்தகத்தில?"

எழுதியவளுக்கு வாசிப்பு எதற்கென்று நான் திறந்ததேயில்லை. திறந்தேன். பஸீலா உம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து, ஏச்சு வாங்கியபடி வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தாள்.

"கதவ சாத்திட்டுப் போயிட்டா, உம்மா," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்தேன்.