மூன்றாவது முனை

கம்ப்யூட்டரின் பவர் வயரை மேஜைக்கு அடியிலிருந்து உருவினான் மெக்கானிக். பிளக்கில் மூன்று முனை இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

எர்த் முனை இருந்த இடம் அரம் போட்டு ராவியதுபோல் மழமழவென்றிருந்தது.

"எலி கடிச்சிருக்கு" என்றான்.

"பித்தளையக் கடிக்கிற எலியா?" என்று அவன் மனைவி சிரித்தாள்.

"பெரிய வீட்டு எலி. பல்லு கெட்டி."

சுவரோரம் விறைப்பாக நின்ற பெரியவர் சிரிக்கவில்லை. அவள் அவருடைய ஒரே தங்கை. இருபது வருடத்துக்கு முன்னால் மைக்செட் கட்ட வந்தவனோடு போனவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு 'ஒயர்க்காரன்' என்றுதான் பெயர். இன்றைக்கும் அவர் 'வா' என்று சொல்லவில்லை. அவனாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

தங்கை பங்கு கேட்டு வரவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா இறந்த அன்று அண்ணன் போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த நாலு நிமிடப் பேச்சை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். அன்று அவளுக்குச் செய்தி போகவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் போனது. நம்பர் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தார்.

பதிவு எட்டு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டியதில்லை. "குடும்ப மானத்த நீதாண்டா காப்பாத்தினே" என்று அப்பா அதில் உரக்கச் சொல்லியிருந்தார். வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் அதைப் போட்டுக் காட்டினார். அந்த ஒரு வரி கேட்கும். மற்றதெல்லாம் 'ம்ம்ம்' என்ற இரைச்சலில் அமுங்கிப்போகும்.

அந்த வரிக்காக அழிக்கவும் மனம் வரவில்லை. அதை மட்டும் வெட்டித் தரச் சொன்னால், வெட்டுகிறவன் முழுவதும் கேட்பான்.

"ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியாது" என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். அதுதான் பிசகு. அவள் ஒயர்க்காரனைக் கூட்டி வந்துவிட்டாள்.

அவன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். "சுரீர்ங்குது. எர்த் இல்லேன்னா ஷாக்கும் அடிக்கும், ஸ்பீக்கரும் இரையும். இத்தன வருஷம் எப்படித் தொட்டீங்க?"

பொறுத்துக்கொண்டார். மானம் என்றால் சும்மாவா?

புது வயர் மாட்டினான். பவர் வயரோடு பின்னிக்கிடந்த ஸ்பீக்கர் வயரைப் பிரித்துத் தள்ளிப் போட்டான். இரைச்சல் நின்றது. அறையில் கடிகாரம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"முதல்ல நான் பாத்துடறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

நாலு நிமிடமும் கேட்டான். கழற்றியபோது மனைவியைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கர் பின்னைச் செருகி, அதிலிருந்து கையை எடுக்காமலே பதிவை ஓடவிட்டான்.

அப்பாவின் இருமல். கட்டில் கிரீச்சிட்டது. மானத்தைப் பற்றிய வரி வந்துபோனது. அப்புறம், எட்டு வருடமாக அமுங்கிக்கிடந்த குரல், குழந்தை கெஞ்சுவதுபோல:

"சின்னவ வந்துட்டாளாடா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் பின்னைப் பாதி உருவி, அதன் நுனியில் கட்டைவிரலை வைத்தான். ம்ம்ம்ம். பழைய இரைச்சல் திரும்பி வந்தது, இந்தத் தடவை அவன் உடம்பிலிருந்து.

"பின்னு லூசு" என்றான். "இனிமே வெறும் மூச்சுதான். நான் கேட்டுட்டேன்."

"போதும். என்னைத் தேடியிருக்கார், அது போதும்." அவள் திரும்பினாள். "நீங்க என்னண்ணா பதில் சொன்னீங்க?"

பெரியவர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"'வந்துக்கிட்டே இருக்காப்பா'ன்னு சொல்லியிருக்கார்" என்றான் மெக்கானிக்.

அவள் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அவள் முகம் கழுவப் போனதும், மெக்கானிக் பழைய வயரைச் சுருட்டி அவரிடம் நீட்டினான்.

"வச்சுக்கங்க மச்சான். தேவைப்படும்."

அந்த வாயிலிருந்து 'மச்சான்' என்ற முறை வரக்கூடாது என்று இருபது வருடத்துக்கு முன் வாசலில் வைத்துச் சொன்னவர், வயரை வாங்கிக்கொண்டார்.

அப்பாவுக்கு அன்று அவர் சொன்ன பதில் வேறு.

"கேட்டுட்டேன்ப்பா. நீங்க செத்தாலும் வரமாட்டாளாம்."

அதற்கப்புறம் மூன்று நிமிடம், வெறும் மூச்சுதான்.